ஓய்வூதியம் யார் தலையில் விடிகிறது?

ஓய்வூதியத்தைப் பற்றிய விவாதம் எந்த நாட்டில் தொடங்கினாலும் பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் வந்து நிற்கிறது: முதியவர்கள் பெருகுகிறார்கள், உழைக்கும் வயதினர் குறைகிறார்கள், ஆகவே பணம் போதாது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு, ஏறக்குறைய ஒரே அளவு முதுமை கண்ட இரண்டு நாடுகளில், ஒன்றின் முதியவர்கள் நிம்மதியாகவும் மற்றொன்றின் முதியவர்கள் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்தும் வாழ்வது ஏன் என்பது விளங்காது. இந்தத் துறையில் வரும் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு முதன்மையாகத் தோன்றும் கேள்வி வேறு. எதிர்பார்த்ததைவிட நெடுநாள் வாழ்ந்துவிடுவது, விலைவாசி ஏறுவது, சந்தை சரிவது, இடையில் வேலை இல்லாமல் போவது ஆகிய நான்கும் யாருக்கும் நேரக்கூடியவை. இவற்றில் எது நேர்ந்தாலும் அதன் நட்டத்தை ஏற்கப்போவது தனிமனிதரா, அவரை வேலைக்கு வைத்த நிறுவனமா, அரசுக் கருவூலமா, அடுத்த தலைமுறையா என்பதை ஒவ்வோர் ஓய்வூதியச் சட்டமும் தன் உட்பிரிவுகளுக்குள் சத்தமில்லாமல் தீர்மானித்து வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் 1935-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதல் மாதாந்திரக் காசோலையைப் பெற்றவர் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஐடா மே ஃபுல்லர். 1940 ஜனவரியில் அவருக்கு வந்த தொகை 22.54 டாலர். அதுவரை மூன்றாண்டுகளில் அவருடைய சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்ட மொத்தப் பணமே 24.75 டாலர்தான், இரண்டாவது மாதமே போட்டதற்கு மேல் எடுத்துவிட்டார். அவர் நூறு வயது வரை வாழ்ந்து 1975-இல் காலமானபோது, அவர் பெற்ற மொத்த ஓய்வூதியம் 22,888.92 டாலராக இருந்தது. அமெரிக்க ஓய்வூதிய முறையை ஒரு சங்கிலித் திட்ட மோசடி என்று சாடுபவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் இவருடையது.

அந்தச் சாடலில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. இன்று உழைப்பவர்களிடமிருந்து பிடிக்கும் பணத்தை இன்றைய முதியவர்களுக்கே கொடுத்துவிடும் முறையில் முதல் தலைமுறைக்கு எப்போதும் ஆதாயம்தான். அவர்கள் உழைத்த காலத்தில் திட்டமே இருக்கவில்லை. ஆனால் சங்கிலித் திட்டம் புதிய ஆட்கள் வருவது நின்ற அன்று கவிழ்ந்துவிடும். அரசின் ஓய்வூதியத்திலோ சட்டத்தின் பலத்தால் ஒவ்வொரு தலைமுறையும் உள்ளே வந்தே தீரும் என்பதால், வரவு குறையும்போது சந்தா விகிதத்தையோ வயதையோ தொகையையோ திருத்திக்கொள்ள வழியுண்டு. தொடக்கத்தில் ஊழியரிடம் 1 சதவீதமும் நிறுவனத்திடம் 1 சதவீதமும் பிடித்த அமெரிக்கா இன்று ஆளுக்கு 6.2 சதவீதம் பிடிக்கிறது. 1983-இல் ஓய்வு வயதை 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக உயர்த்தவும் சட்டம் செய்தது. நான்கு பத்தாண்டுகள் கழித்தே முழுமையாக நடைமுறைக்கு வரும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதிவைக்க முடிந்த அரசியல் துணிவு அதன்பின் அங்கே காணக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இதற்கு மாற்றாக, ஒவ்வொருவரும் தன் பணத்தைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டால் முதுமைப் பெருக்கம் ஒரு பொருட்டே அல்ல என்று சொல்லப்படுவதுண்டு. இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு முதியவர் உண்ணப்போகும் உணவு அந்த ஆண்டில்தான் விளையும். அவரைக் கவனிக்கும் செவிலியர் அந்த ஆண்டில்தான் பணியாற்றுவார். சேமிப்பு என்பது அந்த ஆண்டின் விளைச்சலில் பங்கு கேட்கும் உரிமைச் சீட்டு, அவ்வளவுதான். உழைப்பவர்கள் குறைந்து, சீட்டை மாற்ற வருபவர்கள் பெருகினால், பங்குகளின் விலை இறங்கியோ பொருள்களின் விலை ஏறியோ சீட்டின் மதிப்பு கரையும். எந்த முறையாக இருந்தாலும் உழைக்காதவர்களை உழைப்பவர்கள்தான் தாங்குகிறார்கள். ஒரு முறையில் அது வெளிப்படையாகத் தெரிகிறது, மற்றதில் கணக்குப் புத்தகத்துக்குள் மறைந்திருக்கிறது.

நவீன ஓய்வூதியத்துக்கு இரண்டு ஊற்றுக்கண்கள் உண்டு. ஒன்று ஜெர்மனி. 1883-இல் நோய்க் காப்பீடு, 1884-இல் விபத்துக் காப்பீடு என்று தொடங்கிய பிஸ்மார்க்கின் அரசு, 1889-இல் முதுமைக்கும் உடல் இயலாமைக்குமான காப்பீட்டைச் சட்டமாக்கியது. தொழிலாளியும் முதலாளியும் சந்தா கட்ட, அரசு மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தது. பிஸ்மார்க் 65 வயதை நிர்ணயித்தார் என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அவர் வைத்த வயது 70, அது 65-ஆகக் குறைந்தது 1916-இல்தான். சோஷலிஸ்டுகளின் வளர்ச்சியைத் தடுக்கும் உத்தியாகத் தொடங்கிய இந்த ஏற்பாடு, சந்தா கட்டியவருக்கு உரிமை என்ற கருத்தை உலகுக்குக் கொடுத்தது. மற்றொன்று, டென்மார்க்கில் 1891-இலும் நியூசிலாந்தில் 1898-இலும் வந்த முறை: சந்தா இல்லை, வரிப்பணத்திலிருந்து ஏழை முதியவருக்கு உதவித்தொகை. பிரிட்டன் 1908-இல் இந்த வழியைப் பின்பற்றி, எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை தபால் நிலையத்தின் மூலம் வழங்கியது. வருமானத்தைச் சோதித்தார்கள், அதோடு உழைக்கத் தவறியவர், அண்மையில் ஏழைகள் நிவாரணம் பெற்றவர் என்றெல்லாம் சிலரை ஒதுக்கிவைத்தார்கள். உதவிக்குத் தகுதியான ஏழை யார் என்ற அந்த ஆராய்ச்சி வெவ்வேறு படிவங்களாக இன்றும் தொடர்கிறது.

சந்தா கட்டியவருக்கு மட்டும் என்றால் சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் வெளியே நிற்பார்கள். அமெரிக்காவின் 1935 சட்டமே விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1950-களில்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். ஏழைக்கு மட்டும் என்றால் சோதனையும் இழுக்கும் கூடவே வரும். உலகின் பெரும்பாலான நாடுகள் இந்த இரண்டையும் ஏதோ ஒரு விகிதத்தில் கலந்துதான் வைத்திருக்கின்றன. கலவையில் மிகத் துணிச்சலான, என் கணிப்பில் மிகத் தவறான, சோதனை நடந்த இடம் சிலி.

ராணுவ ஆட்சியின்கீழ் இருந்த சிலி, அமைச்சர் ஹோசே பினேராவின் முன்முயற்சியால் 1981-இல் பழைய அரசு ஓய்வூதியத்தின் கதவை மூடியது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தனியார் நிதி நிர்வாக நிறுவனம் ஒன்றில் தம் பெயரிலுள்ள கணக்கில் கட்ட வேண்டும். நிர்வாகக் கட்டணம் தனி. முதலாளியின் பங்கு ஒழிக்கப்பட்டது. ராணுவமும் காவல் துறையும் மட்டும் பழைய திட்டத்திலேயே தொடர்ந்தன. ஒரு சட்டத்தை இயற்றியவர்கள் தங்களுக்கு அதை வேண்டாம் என்று சொல்லும்போது குடிமக்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். மேலே சொன்ன நான்கு இடர்களில் மூன்று அன்றே தொழிலாளியின் தலையில் இறங்கின: சந்தை சரிந்தால் நட்டம் அவருக்கு, வேலை இடையில் நின்றால் கணக்கில் ஓட்டை அவருக்கு, நெடுநாள் வாழ்ந்தால் மாதத்தொகை சிறுப்பதும் அவருக்கு. பெண்களுக்கு இது இரட்டிப்பு. அவர்களுடைய ஓய்வு வயது 60 என்பதால் சேர்க்கும் ஆண்டுகள் குறைவு. ஆயுள் அதிகம் என்பதால் அதே சேமிப்பை அதிக மாதங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

முதலீட்டுக்குக் கிடைத்த வருவாய் தொடக்க ஆண்டுகளில் நன்றாகவே இருந்தது. சிலியின் மூலதனச் சந்தை வளர்ந்ததற்கு இந்தப் பணமும் ஒரு காரணம். ஆனால் முறைசாரா வேலைக்கும் முறைசார்ந்த வேலைக்கும் இடையே மாறி மாறி வாழ்ந்தவர்கள் ஆண்டில் சில மாதங்கள்தான் சந்தா கட்டியிருந்தார்கள். அப்படிச் சேர்ந்த தொகையிலிருந்து வந்த ஓய்வூதியம் எவருடைய வயிற்றையும் நிரப்பவில்லை. 2008-இல் மிஷேல் பாச்லெட்டின் அரசு வரிப்பணத்திலிருந்து ஓர் அடிப்படை ஓய்வூதியத்தைச் சேர்த்தது. 2016-இல் தனியார் நிதி நிறுவனங்களே வேண்டாம் என்று லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். பிறகு கோவிட் காலத்தில், 2020-க்கும் 2021-க்கும் இடையே, மூன்று தடவை கணக்கிலிருந்து 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள நாடாளுமன்றம் அனுமதித்தது. குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று வைக்கப்பட்டிருந்ததால், சிறு சேமிப்பு உடையவர்கள் தங்கள் கணக்கை முழுவதுமாகவே காலி செய்ய முடிந்தது. மொத்தத்தில் ஏறத்தாழ 5,000 கோடி டாலர் வெளியே போனது. இதைப் பொறுப்பின்மை என்று பொருளாதார வல்லுநர்கள் கண்டித்தார்கள். வேலையும் வருமானமும் நின்றுபோன நாளில், அரசின் உதவி தாமதமாக வரும்போது, தன் பெயரில் கிடக்கும் பணத்தைக் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலையில்லாக் காலத்துக்கான பாதுகாப்பு வலுவில்லாத இடத்தில் ஓய்வூதியச் சேமிப்புதான் அந்த வேலையையும் செய்ய நேர்கிறது. மலேசியாவும் ஆஸ்திரேலியாவும் அதே காலத்தில் அதே கதவைத் திறந்தன.

சிலியில் 2022 முதல் 65 வயது கடந்தவர்களில் மேல்தட்டுப் 10 சதவீதம் தவிர்த்த அனைவருக்கும் உத்தரவாத ஓய்வூதியம் நடைமுறையில் இருக்கிறது. 2025-இல் நிறைவேறிய சீர்திருத்தம் முதலாளியின் பங்கைப் படிப்படியாக 8.5 சதவீதத்துக்கு உயர்த்தும். அதில் ஒரு பகுதி தனிக் கணக்குக்குப் போகாமல் பொதுக் காப்பீட்டுக்குப் போகிறது, பெண்களின் ஆயுள் வேறுபாட்டை ஈடுகட்டவும் அதிலிருந்து பணம் ஒதுக்கப்படுகிறது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் சுற்றிவிட்டு, இடரில் ஒரு பங்கை மீண்டும் எல்லோர் தோளுக்கும் மாற்றியிருக்கிறார்கள்.

சிலியின் வழியில் பிற நாடுகளைத் தள்ளியதில் 1994-இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கைக்குப் பெரிய பங்குண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 1981-க்கும் 2014-க்கும் இடையே 30 நாடுகள் தங்கள் ஓய்வூதியத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ தனியார்மயமாக்கின. 2018-க்குள் அவற்றில் 18 நாடுகள் பின்வாங்கிவிட்டன. அர்ஜென்டினா 2008-இல் தனிக் கணக்குகளை அரசுடைமையாக்கியது. ஹங்கேரி 2010-இலிருந்து அதையே செய்தது. போலந்து 2014-இல் தனியார் நிதிகளிடம் இருந்த சொத்தில் பாதிக்கும் சற்றே அதிகமானதை அரசு ஓய்வூதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது. இந்தப் பின்வாங்கல்களில் கொள்கையைவிடக் கருவூலத்தின் பசியே கூடுதலாக வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தனிக் கணக்குக்கு மாறும் நாடு ஒன்றை மறந்துவிடுகிறது: இளைஞரின் சந்தா அவருடைய கணக்குக்குப் போய்விட்டால், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கு யார் கொடுப்பது? அந்த ஒரு தலைமுறை தன் பெற்றோரின் ஓய்வூதியத்துக்கு வரியாகவும் தன் ஓய்வூதியத்துக்குச் சந்தாவாகவும் இருமுறை கட்ட வேண்டியிருக்கிறது. நெருக்கடி வந்தவுடன் அரசுகள் அந்தச் சுமையைச் சுமக்க மறுத்தன.

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே ஸ்வீடன் கட்டிய பாலம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 1990-களில் பல கட்சிகள் கூடி உடன்பட்டு உருவாக்கிய அந்த முறையில் ஓய்வூதியச் சந்தா 18.5 சதவீதம். அதில் 2.5 சதவீதம் மட்டும் உண்மையான முதலீட்டுக்குப் போகிறது. எஞ்சிய 16 சதவீதம் அன்றைய முதியவர்களுக்கு வழங்கப்பட்டுவிடுகிறது, ஆனால் கட்டியவரின் பெயரில் ஒரு கணக்கில் வரவாக எழுதப்பட்டு, நாட்டின் சம்பள வளர்ச்சிக்கு ஏற்ப வளர்கிறது. ஓய்வு பெறும் நாளில், அந்த வயதினர் சராசரியாக இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்ற எண்ணால் அது வகுக்கப்படும். முறையின் கடன் அதன் சொத்தைவிட மிகுந்தால், நாடாளுமன்றம் கூடித் தீர்மானிக்கத் தேவையின்றித் தானாகவே ஓய்வூதிய உயர்வு குறையும். ஆண்டுதோறும் ஆரஞ்சு நிற உறையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு வந்து சேரும்.

காகிதத்தில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இல்லை. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு அந்தத் தானியங்கித் தடை முதன்முறையாக 2010-இல் செயல்பட்டு ஓய்வூதியம் குறைந்தபோது, அரசு முதியோருக்கான வருமான வரியைக் குறைத்து அந்த அடியை மென்மையாக்கியது. அரசியலிலிருந்து விலக்கி வைப்பதற்காகவே வடிவமைத்த ஒன்றில் அரசியல் பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தது. அதை நான் தோல்வியாகக் கருதவில்லை. வறியவர்களுக்கு உத்தரவாதத் தொகை ஒன்றும், பிள்ளை வளர்ப்புக் காலத்துக்குச் சந்தா வரவும் வைத்திருப்பதால்தான் ஸ்வீடனால் இவ்வளவு கடுமையான கணக்கைக் கடைப்பிடிக்க முடிகிறது. அந்த இரண்டையும் விட்டுவிட்டு வெறும் சூத்திரத்தை மட்டும் நகலெடுக்கும் நாட்டில் இடர் முழுவதும் ஓய்வு பெற்றவரின் தலையிலேயே விழும்.

ஓய்வு வயதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. செய்திகளில் வருவதே அதுதான். ரஷ்யா 2018-இல் ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60 என்று உயர்த்தியது. பிரான்ஸ் 2023-இல் வாக்கெடுப்பின்றி 62-ஐ 64 ஆக்கி, 2025 அக்டோபரில் அதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. டென்மார்க் ஆயுட்காலத்தோடு வயதை இணைத்து, 2040-இல் 70 என்று 2025-இல் சட்டமாக்கியது. சீனா 1950-களுக்குப் பின் முதன்முறையாக, 2025 தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில் ஆண்களுக்கு 63, பெண்களுக்கு வேலைக்கு ஏற்ப 55 அல்லது 58 என்று உயர்த்திவருகிறது. சராசரி ஆயுள் கூடினால் வயதும் கூடட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சராசரியில் யாரும் வாழ்வதில்லை. இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்த அலுவலருக்கு இரண்டாண்டு கூடுதல் என்பது நாற்காலியில் இன்னும் இரண்டாண்டு. பதினாறு வயதில் கட்டட வேலைக்குப் போனவருக்கு அது தேய்ந்துபோன முழங்காலோடு இன்னும் இரண்டாண்டு, அதுவும் குறைந்த ஆயுளில்.

இதில் பேசப்படாத ஒன்று, அறிவிப்பு. பிரிட்டன் 1995-இல் பெண்களின் ஓய்வு வயதை 60-லிருந்து ஆண்களுக்கு நிகராக 65-க்கு உயர்த்தச் சட்டம் செய்தது. 2011-இல் அதை விரைவுபடுத்தியது. 1950-களில் பிறந்த பெண்களில் பலர், அறுபதை நெருங்கும்போதுதான் தமக்கு இன்னும் சில ஆண்டுகள் ஓய்வூதியம் வராது என்பதை அறிந்தார்கள். சிலர் அதற்குள் வேலையை விட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2024 மார்ச்சில், தகவல் தெரிவித்ததில் நிர்வாகத் தவறு நடந்திருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் அரசு இழப்பீடு தர மறுத்தது. வயதைச் சமப்படுத்தியது சரியான சட்டம்தான். ஒரு கடிதத்தை உரிய காலத்தில் அனுப்பாததால் வந்த நட்டம் யார் தலையில் விடிந்தது என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒரு முறைக்குள் இருப்பவர்களைப் பற்றியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அண்மைக் கணக்குப்படி, 2023-இல் உலக மக்களில் 52.4 சதவீதத்தினருக்குத்தான் ஏதேனும் ஒரு சமூகப் பாதுகாப்புப் பலனாவது கிடைத்தது. 380 கோடிப் பேருக்கு ஒன்றுமே இல்லை. நாள்கூலிக்கும், சொந்தச் சிறு தொழிலுக்கும், செயலி வழியே ஆணை வாங்கி ஓடும் வேலைக்கும் சந்தா முறை பொருந்துவதில்லை. முதலாளி யார் என்றே தெரியாத வேலையில் முதலாளியின் பங்கை யாரிடம் கேட்பது?

இதற்கு விடை கண்டவை பணக்கார நாடுகள் அல்ல. நேபாளம் 1994-இல் 75 வயது கடந்த எல்லோருக்கும் மாதம் 100 ரூபாய் என்று தொடங்கியது. இப்போது 68 வயது கடந்தவர்களுக்கு 4,000 நேபாள ரூபாய் தருகிறது. லெசோத்தோ 2004-இல் 70 வயதினருக்குத் தொடங்கியது. பொலிவியா 2008-இல் எரிவாயு வரியை ஆதாரமாக வைத்து, 60 வயது கடந்த அனைவருக்கும் கண்ணியத் தொகை என்ற பெயரில் கொடுக்கத் தொடங்கியது. சந்தா ஓய்வூதியம் உள்ளவர்களுக்கு அது சற்றுக் குறைவு, ஆனால் இல்லை என்று யாருக்கும் சொல்வதில்லை. வசதியுள்ளவருக்கும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவையும், வீட்டில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கும்போது தவறிப்போகும் உண்மையான ஏழைகளையும் கணக்கில் சேர்த்தால், எல்லோருக்கும் கொடுத்துவிட்டு வசதியுள்ளவரிடம் வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்வதே மலிவு என்பது என் எண்ணம். பிறந்த தேதியைச் சரிபார்ப்பதே கடினமாக இருக்கும் கிராமத்தில் வருமானத்தைச் சரிபார்ப்பது கனவு.

தென்னாப்பிரிக்காவின் கதை இதில் தனி. அங்கே முதியோர் உதவித்தொகை 1928-இல் தொடங்கியபோது கறுப்பினத்தவருக்குக் கிடையாது. 1944-இல் சேர்க்கப்பட்டபோதும் அவர்களுக்கு மிகக் குறைந்த தொகை. நிறவெறி ஆட்சியின் இறுதியில், 1993-இல்தான் எல்லா இனத்தவருக்கும் ஒரே தொகை ஆனது. அதனால் வறிய கறுப்பினக் குடும்பங்களில் பாட்டியின் கைக்குத் திடீரென்று பெரிய வருமானம் வந்தது. அப்போது எடுக்கப்பட்ட விவரங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ 2003-இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது: பாட்டி உதவித்தொகை பெறும் வீட்டில் வளர்ந்த பெண் குழந்தைகளின் உடல் எடையும் வளர்த்தியும் மேம்பட்டிருந்தன, அதே தொகையைத் தாத்தா பெற்ற வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தென்படவில்லை. முதியோருக்கான செலவைக் குழந்தைகளுக்கான செலவோடு மோதவிடும் விவாதங்களில் இந்த ஆய்வை யாரும் எடுப்பதில்லை.

எல்லோருக்கும் கொடுத்தாலும், கொடுப்பது தேயாமல் இருக்க வேண்டும். விலைவாசியோடு இணைக்காத ஓய்வூதியத்தை ஓர் அரசு எந்த அறிவிப்பும் இல்லாமல், எந்தப் போராட்டத்தையும் சந்திக்காமல், ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே போகலாம். சும்மா இருந்தாலே போதும். இந்தியாவின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள 60 முதல் 79 வயதினருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய், 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். அந்த 200 பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்ப்பதால்தான் திட்டம் பொருளுள்ளதாக இருக்கிறது. தாய்லாந்திலும் வயதுக்கேற்ப 600 முதல் 1,000 பாட் வரை என்று 2011-இல் வகுத்த தொகை பத்தாண்டுகளுக்கும் மேலாக அப்படியே நின்றது. மறுபுறம் பிரிட்டன், விலைவாசி, சம்பள வளர்ச்சி, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அதை உயர்வாகத் தரும் மும்முனை உறுதியை வைத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் அது 10.1 சதவீத உயர்வு கொடுத்தது. இதுவும் காலப்போக்கில் தாங்காது என்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே, விலைவாசியோடு மட்டும் தானாக இணையும் எளிய விதியை அமெரிக்கா 1975 முதல் நடைமுறையில் வைத்திருக்கிறது. வாக்குச்சீட்டின் தயவை எதிர்பார்க்காத ஏற்பாடு என்பதால் எனக்கு அதுவே பிடித்தமானது.

வேலை இடையில் நிற்கும் இடர் பெண்களுக்கே பெரிதும் நேர்கிறது. பிள்ளை வளர்ப்பும் முதியோர் பராமரிப்பும் சந்தாப் புத்தகத்தில் வெற்றுப் பக்கங்களாகின்றன. ஜெர்மனி 1992 முதல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாண்டுச் சந்தாவைக் கட்டியதாக வரவு வைக்கிறது. அதற்கு முன் பிறந்த குழந்தைகளின் தாய்மாருக்கு அதில் குறைவு வைத்ததை எதிர்த்து நெடுங்காலம் வாதாடியதில், 2019-இல் அது இரண்டரை ஆண்டு வரை வந்தது. குழந்தையின் பிறந்த தேதியால் தாயின் உழைப்பு மதிப்பு மாறுவதற்குப் பட்ஜெட் தவிர வேறு காரணம் கிடையாது.

கடைசியாக, கொள்கை வகுப்பவர்கள் கீழ்நிலை எழுத்தர் வேலை என்று ஒதுக்கும் ஒரு விஷயம்: பதிவேடு. ஜப்பான் 1961 முதல் குடிமக்கள் அனைவரையும் ஓய்வூதியத்துக்குள் கொண்டுவந்த நாடு. வேலை மாறினால், ஊர் மாறினால், மணமானால் ஒருவருக்கே பல எண்கள் இருந்த நிலையை மாற்ற, 1997-இல் ஆளுக்கு ஓர் அடிப்படை எண் என்று கொண்டுவந்தார்கள். பத்தாண்டு கழித்து, 2007-இல், சுமார் 5 கோடிப் பதிவுகள் எந்த மனிதரோடும் இணைக்கப்படாமல் கிடப்பது வெளியே தெரிந்தது. காகிதப் பேரேட்டிலிருந்து கணினிக்கு ஏற்றியபோது பெயர்களைத் தவறாகப் படித்திருந்தார்கள். ஜப்பானியப் பெயரின் ஒரே எழுத்துகளைப் பலவிதமாக உச்சரிக்கலாம் என்பதால், உச்சரிப்பு மாறியவுடன் ஆளும் மாறிப்போனார். திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறிய பெண்கள், அடிக்கடி நிறுவனம் மாறிய தொழிலாளர்கள் ஆகியோரின் ஆண்டுகளே அதிகம் காணாமல் போயின. பல்லாண்டு சந்தா கட்டியவரிடம், நீங்கள் கட்டியதற்கு ரசீது இருக்கிறதா என்று அலுவலகச் சாளரத்தில் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த மேலவைத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதற்கு இதுவும் முக்கியக் காரணம்.

அதன்பின் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அவரவர் பதிவை அச்சிட்டுத் தபாலில் அனுப்பி, விட்டுப்போன ஆண்டு ஏதேனும் உண்டா என்று கேட்டார்கள். பதிவு திருத்தப்பட்டால் ஐந்தாண்டுக் கால வரம்பைப் பாராமல் நிலுவை முழுவதையும் கொடுக்கவும், முதியவர் இறந்திருந்தால் குடும்பத்தாருக்குக் கொடுக்கவும் தனிச் சட்டம் வந்தது. 2009 முதல் ஒவ்வொருவரின் பிறந்த மாதத்திலும் அவருடைய கணக்கு விவரம் தபாலில் வருகிறது. பழைய சமூகக் காப்பீட்டு முகமை கலைக்கப்பட்டு 2010-இல் புதிய ஓய்வூதிய நிறுவனம் பொறுப்பேற்றது. இவ்வளவுக்குப் பிறகும், 2014-இன் தொடக்கத்தில் எடுத்த கணக்கில் 2 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உரியவர் யாரென்று தெரியாமலேயே இருந்தன.